விரதப் பாலில் ஒரு கடுகளவு

ஒக்ரோபர் 22, புதன்

மழை. காற்று. கந்தசஷ்டி முதல் நாள். எனக்கு உர்லாப்பும், வேலை விடுமுறை, இன்றுதான் தொடக்கம்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதி முடித்துவிடுகிறேன். காப்புக் கட்டக் கோயில் வரிசையில் நின்றபடியே நித்திரையாகிவிட்டேன். நின்றபடி. குதிரை மாதிரி. தலை போய் முன்னுக்கு நின்ற தவமணி அக்காவின் தோளில் சாய்ந்ததாம். சாய்ந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அவவின் புதுப் பட்டுச் சேலையில் என் வாயோரத்து ஈரம், காசளவு ஒரு வட்டம். அக்கா திரும்பிப் பார்த்து, முழுக் கோயிலுக்கும் கேட்க:

“என்னடி வதனி, காப்புக் கட்ட முதலே உனக்கு அருள் வந்திட்டுதோ?”

எல்லோரும் சிரிப்பு. ஐயரும். முருகனும் சிரித்திருப்பார், நல்லகாலம் திரை போட்டிருந்தது. என் மனிசன், இவர் மட்டும் சிரிக்கவில்லை. நிர்வாகசபையில் இருக்கிறவர் அல்லவா. வீடு வரும்வரை ஒரு சொல் இல்லை.

விரதத்தில் பகல் நித்திரை கூடாது. ஆக, தொடங்க முதலே முறிந்த விரதம். (கேள்வி: காப்புக் கட்டுவதற்கு முன் கொண்ட நித்திரையும் கணக்கில் வருமா? ஐயரிடம் கேட்க வெட்கம்.)

படுக்கையில் வராத நித்திரை எனக்கு வரும் இடங்கள்: பஸ். பல் வைத்தியரின் கதிரை, வாய் திறந்தபடி. மகளோடு வீடியோவில் கதைக்கும்போது, அவள் கதைக்கும் முறை வந்தால். போன கிழமை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், இரவு வேலை முடிந்து பகல் ஆட்களிடம் பொறுப்புக் கொடுக்கும் கூட்டம். அதுதான் வினை. பொறுப்பாளர் அம்மா மிக அன்பாகச் சொன்னா: விடுமுறை முடிந்து வாரும், இரவு வேலை உமக்கு இனியும் சரிவருமா என்று இருந்து ஆறுதலாகக் கதைப்போம். ரெர்மின், அந்தச் சந்திப்பு, அடுத்த புதன். அவவோடு இருந்து ஆறுதலாகக் கதைத்தவர்கள் எழும்பும்போது வேலை இருப்பதில்லை. கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயது. இரவானால் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள். போர்வையைத் தள்ளினால் குளிர். இழுத்தால் வேர்வை. குடும்ப வைத்தியர் மூலிகைத் தேநீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். இரவில் கூடுதலாக ஒருமுறை எழும்ப வேண்டி வந்தது, வேறு பலன் இல்லை.

ஆகவே இந்தக் கிழமைத் திட்டம்:
விரதம்.
கெல்லர், நிலவறை, துப்புரவு (இவருக்குச் சொன்னது).
சல்லடையில் கஞ்சா அரிப்பு (இவருக்குச் சொல்லாதது).

எழுதிவிட்டேன். களைப்பு வந்தால் பயமும் தானாகக் குறையும் போல.

பிள்ளைகள் மூன்று பேர். கோடை முழுக்கப் பல்கணியில் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் வளர்ந்தார்கள்: மூத்தவள், நடுவிலாள், கடைக்குட்டி. ஆளுக்கு மூன்று செடி வைக்க இந்த ஜேர்மன் நாட்டுச் சட்டம் இப்போது விடுகிறது. யோசனை ஹைக்கேயுடையது. என்னோடு இரவு வேலை செய்கிறவள். மூட்டு நோவுக்கு அவளும் வீட்டில் வைத்திருக்கிறாள், பைப்பில் இழுப்பாள். இவருக்கு நான் சொன்னது, “ஹைக்கே சொன்ன மூலிகை.” பொய் இல்லை. இவர் வாழ்நாளில் ஒரு பீடி தொட்டதில்லை, செடியைப் பார்த்து என்ன தெரியப்போகிறது. வேலையால் வந்து தண்ணீர் ஊற்றினார். கறிவேப்பிலைக்கு ஊற்றும் அரிசி கழுவிய தண்ணீரில் பாதி அவர்களுக்கும். ஆவணியில் ஒருநாள், நல்ல வாசமாய் இருக்கு என்று ஒரு கொப்பை முறித்துச் சாமிப் படத்துக்கு வைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சிவன் படம் என்றாலும் ஒரு பொருத்தம். அது பிள்ளையார்.

ஒக்ரோபர் 23, வியாழன்

காற்று இன்னும் பலம். கீழ்வீட்டு அம்மாவின் குப்பை வாளி தெருவில் உருளுகிறது.

இவர் வேலைக்குப் போனதும் தொடங்கினேன். வெறும் வயிறு, மணிக்கட்டில் காப்பு, காதில் ஹைக்கேயின் அறிவுரை.

இழுப்பது எனக்குச் சரிவராது. தொண்டை ஒன்று, படிக்கட்டெல்லாம் போகும் மணம் இன்னொன்று. ஹை., ஹைக்கே, சொன்னாள்: பூவின்மேல் பனி பிடித்த மாதிரித் தெரியும் தூசியில்தான் சரக்கு. நன்றாகக் காயவை, உறையவை, மெல்லத் தட்டி அரி, விழுகிற தூளைச் சேர்த்து அமத்து. அவ்வளவுதான் ஹஷீஷ். பெயர்தான் பெரிது, வேலை சின்னது.

அரிப்பா! பிட்டு மா, இடியப்ப மா, கோயில் மோதக மா என்று கலியாணம் முடித்த நாள் முதல் அரிக்கிறவளுக்கு அரிக்கப் படிப்பிக்கிறாள். மேலே என்ன எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

கெல்லரில் பழைய சூட்கேசுகளுக்கு மேல் தும்புக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கிக் காய்ந்தவர்களை நேற்றே இறக்கி, ஐஸ்கிறீம் டப்பாக்களில் போட்டு உறைபெட்டியில் வைத்திருந்தேன். விரதம் முடியுமட்டும் தொடாத மீனும் ஆட்டிறைச்சியும் அங்கேதான். மச்சத்தின் மேல் கஞ்சா. எதனால் எதற்குத் தீட்டு என்று தெரியாமல் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் பையை விரித்தேன்.

குளிரில்தான் அரிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஒட்டுமாம். பல்கணிக் கதவை ஆவென்று திறந்துவிட்டு, ஜக்கெற், குரங்குத்தொப்பி, கையுறை. ஹை. தன் சல்லடையைத் தந்திருந்தாள்: படச் சட்டம் மாதிரி ஒன்று, நடுவில் மெல்லிய நைலோன் துணி. கீழே என் பழைய முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்தேன். மெல்லத் தட்டினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடிக்குள் தெரிந்த என் மூக்கின்மேல் பனிப்புகார் மாதிரி ஒரு படலம். விபூதிக்கும் சந்தனத்துக்கும் இடைப்பட்ட நிறம். அழகு. உண்மையிலேயே அழகு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். முகச் சுருக்கமும் தெரியவில்லை.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

துணியின்மேல் ஒரு குவியல் மிச்சம். நாங்கள் கப்பி என்போம். மா அரித்து மிஞ்சும் கப்பியை எறிகிற யாழ்ப்பாணத்துப் பொம்பிளையை நான் இன்னும் காணவில்லை. இடித்து அரிப்பது. மிஞ்சினால் மறுபடி இடிப்பது. மூளை யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்க் கிறைண்டரை எடுத்தது. இரண்டு சுற்று. அரிப்பு. மறுபடி இரண்டு சுற்று. தோளைக் குலுக்கி, ஐம்பது பேருக்குப் பிட்டு அவிக்கும் வேகத்தில்.

சந்தனத்தின்மேல் பச்சையாய்க் கொட்டியது. மருதோன்றித் தூள் போல. மூத்தவள் முழுக்கப் போச்சு.

ஹை.க்குப் படம் அனுப்பினேன். உடனே ரெலிபோன்.

“கிறைண்டரா? அதைக் கிறைண்டரிலா போட்டாய்?”

“மிச்சம் இருந்தது.”

“மிச்சம் இலை, வதனி. நீ இலைத்தூள் அரித்திருக்கிறாய். குழந்தையை நித்திரையாக்குகிற மாதிரித் தட்டு என்று சொன்னேனே.”

“நான் என் மகளையும் இப்படித்தான் தட்டினேன்.”

“அதுதான் அவள் ஹம்பேர்க்கில் இருக்கிறாள்.”

ஜேர்மன்காரருக்குப் பகிடி வராது என்று சொல்லித் திரிகிறவர்கள் ஹைக்கேயைக் கண்டதில்லை.

பச்சைத் தூளை எறியவில்லை. மூடி வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியாது.

பின்னேரம் கோயில். கையை நுள்ளிக்கொண்டே நின்றேன். இரவு பால், ஒரு வாழைப்பழம், கூரையைப் பார்த்தல்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

மழை விட்டுவிட்டு. முழங்கால் நோ.

நடுவிலாளும் கடைக்குட்டியும். இன்று ஒழுங்காக. பிள்ளையைத் தட்டுகிற மாதிரி, அதுவும் அடுத்த வீட்டுப் பிள்ளையை. சந்தனத் தூள் விழுந்தது. பச்சை எட்டிப் பார்க்க முதல் நிறுத்தினேன். மிச்சக் கப்பியைக் குப்பையில் கொட்டினேன். பரம்பரைப் பாவம் ஒன்றைச் செய்கிற மாதிரி.

தூளைக் கோழி இறகால் வழிக்க ஹை. சொல்லியிருந்தாள். விரதத்தில் கோழி இறகுக்கு எங்கே போவது? பழைய பவுடர் பிறஷ்.

மணி அடித்தது. த.அ., தவமணி அக்கா. பிரசாதம் கொண்டுவந்தாவாம். உண்மையில் பார்க்க வந்தா. சேலை வட்டம் கழுவப் போய்விட்டது என்று சொல்லத் தொடங்கும்போதே மூக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

“என்னடி இது மணம்? கதவெல்லாம் திறந்து கிடக்கு. செத்த எலியோ?”

“மூலிகை அக்கா. காயவிட்டனான்.”

“தலைக்கு எண்ணெய் காய்ச்சவோ?”

“ஓம்.”

“எனக்கும் ஒரு போத்தல் வையடி. உச்சி கொட்டுண்டு போச்சு.” பச்சைத் தூளை எட்டிப் பார்த்து, “கரிசலாங்கண்ணியும் சேர்” என்று ஒரு குறிப்பும் தந்தா.

பிறகு இருந்து செய்தி வாசித்தா. கடைக்காரர் பற்குணத்தின் மகனுக்கு நல்ல உத்தியோகமாம், ஆனால் சைக்கிளில்தான் போகிறானாம். கார் வேண்டாமாம், சுற்றாடலாம். “உந்தப் பெடியனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது, நீயே சொல்லு.” நான் சொன்னேன், இப்போதைய பிள்ளைகள் சைக்கிளைத்தான் விரும்புவார்கள் என்று. நித்திரை கொள்ளாமல் உனக்கு மூளை பிசகிப் போச்சு என்றா. போகும்போது என் கன்னத்தைத் தடவி, “கண்ணுக்குக் கீழை பார், கரிச்சட்டி மாதிரி. மனிசனுக்குச் சொன்னியோ?” என்று கேட்டா. நான் கதவைச் சாத்தினேன்.

மனிசனுக்கு என்னத்தைச் சொல்வது. எங்கள் வீட்டில் கதைக்கிற விசயங்கள்: கறிக்கு உப்பு. கோயில் மண்டபத்து ஹீற்றர். மகள் எப்போது வாறாள். இது ஒரு குறை இல்லை, அப்படியே பழகிவிட்டது. இவர் காலையில் போகிறார், நான் இரவில் போகிறேன். செருப்பு வைக்கிற இடத்தில்தான் நாங்கள் அதிகம் சந்திப்பது.

பின்னேரம் தூளைத் துணியில் சுற்றி உள்ளங்கையில் வைத்து அமத்தினேன். கைச்சூட்டில் மெல்ல இளகி, கறுத்து, ஒரு சின்ன எள்ளுருண்டை. இவ்வளவு வேலைக்கு இவ்வளவுதான். தையல் பெட்டிக்குள் வைத்தேன். அதை இவர் திறக்கவே மாட்டார், பொத்தான் கழன்றால் சேட்டைக் கழற்றித் தருவதோடு சரி.

இரவு, ஆறின பாலில், கடுகளவு. ஹை.யிடம் கேட்கவில்லை. கேட்டால் வகுப்பு எடுப்பாள். பால் விரதத்துக்கு ஆகும், செடி சைவம். சட்டமும் சாத்திரமும் சரி.

ஒக்ரோபர் 25, சனி

நித்திரை! நித்திரை! நித்திரை!

படுத்தது தெரியும். கால் இரண்டும் மிதந்த மாதிரி ஒரு உணர்வு. பிறகு கீழ்வீட்டு அம்மா இலை ஊதும் மெஷினைப் போட்ட சத்தம். நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இவ்வளவு ருசியாக இருக்குமென்று மறந்தே போயிருந்தேன். தலையணையில் வழிந்த எச்சிலைக் கூடப் பாசத்தோடு பார்த்தேன்.

கெல்லரை உண்மையாகவே கூட்டினேன். பாட்டும் வந்தது.

கோயிலில் த.அ.: “முகம் வெளிச்சிருக்கு. விரதம் பிடிச்சிட்டுது.” ஓம் அக்கா, பிடிச்சிட்டுது.

புதன்கிழமைக்கு இப்படி இன்னும் சில இரவு கிடைத்தால் காணும். நிமிர்ந்து இருந்து ஆறுதலாகக் கதைப்பேன்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

குளிர்காலத்துக்கு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியாயிற்று. அரசாங்கம் ஒரு மணித்தியாலம் இலவசமாகத் தந்தது. அதையும் நான் முழித்துத்தான் கழித்தேன். காரணம் எழுத வேண்டும். எழுத விருப்பமில்லை.

நேற்று பாலுக்கு நேரம். குசினியில் இரண்டு சில்வர் பேணி. கடுகளவை ஒன்றில் நசித்துக் கரைத்துக்கொண்டு நிற்கிறேன். இவர் வாசலில் வந்து, “இஞ்சாரும், பால்.”

கை கொடுத்தது.

நான் கொடுக்கவில்லை, கை கொடுத்தது. கலியாணம் முடித்த நாள் தொடக்கம் முதல் ஆற்றும் பேணி இவருக்கு. கைக்கு வேறு சட்டம் தெரியாது. மூளைக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது, இவர் அடி வண்டலையும் விரலால் வழித்து நக்கிவிட்டு, “இண்டைக்கு ஏலக்காய் போட்டனீரோ?” என்கிறார்.

முருகா.

சொல்ல வாய் திறந்தேன். இவர் போகவில்லை. வழமையாகப் பேணியைத் தந்துவிட்டு ரீவிக்குப் போவார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“இரும்.”

எடும், வாரும், பாரும் எல்லாம் கேட்டிருக்கிறேன். இரும் என்று இவர் சொல்லிக் கேட்டதில்லை. இருந்தேன்.

“நீர் இரவிலை எழும்பிக் குசினிக்குப் போறது எனக்குத் தெரியும்.”

“நீங்கள் நித்திரை எல்லோ.”

“நித்திரை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பன். நீர் திரும்பி வந்து படுக்குமட்டும் நானும் முழிப்புத்தான்.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா நீர் சொல்லுவீர். சொன்னா நான் என்னவும் செய்யோணும். எனக்கு என்ன செய்யத் தெரியும்?”

சாமான் ஏறுகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. இவர் இப்படிக் கதைக்கிற ஆள் இல்லை. வேலைப் பழக்கத்தில் நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். இவர் அதை வேறு மாதிரி விளங்கி என் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். எண்ணிக்கை பிழைத்தது.

“புதன்கிழமை கோயிலிலை எல்லாரும் சிரிக்கேக்கை எனக்கு வெக்கமா இருக்கேல்லை. பயமா இருந்தது. நிண்டபடி நித்திரை கொள்ளுற அளவுக்கு இந்த மனிசி களைச்சுப் போச்சு, நான் ஒருத்தன் பக்கத்திலை இருந்து என்ன பிரியோசனம் எண்டு. கார் ஓட்டிக்கொண்டு வரேக்கை சொல்லுவம் சொல்லுவம் எண்டு வந்தனான். வீடு வந்திட்டுது.”

அழுதார். சத்தம் இல்லை. மூக்கு நுனியில் ஒரு துளி நின்று பேணிக்குள் விழுந்தது.

“வேலை போனாப் போகட்டும். நீர் எனக்கு வேணும்.”

நான் இவரின் கண் வெள்ளை சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட ஒரு மனிசி நான். ஒரு மனிதன் வாழ்நாளில் முதல்முறை மனம் திறக்கிறான், நான் கண்மணி விரிந்திருக்கோ என்று குனிந்து பார்க்கிறேன்.

பிறகு படுத்தார், குறட்டை. நான் முழித்திருந்து மூச்சைக் கவனித்தேன். இல்லத்தில் சம்பளத்துக்குச் செய்கிற வேலை, வீட்டில் பாவத்துக்கு.

இன்று கோயில். இவர் ஐயரிடம் மெதுவாகச் சொன்னார், நேற்று பால் குடித்ததோடு மனதிலிருந்து ஏதோ பாரம் இறங்கினது என்று. பக்கத்தில் த.அ. அதற்குப் பிறகு செய்தி வளர்ந்த விதம்:

பூசைக்கு முன்: சிவம் அண்ணைக்கு மனசு இளகினதாம்.
தீபாராதனை: சிவம் அண்ணைக்கு முருகன் கனவிலை வந்தவராம்.
தீர்த்தம்: நேரிலை.
செருப்புப் போடும் இடம்: மயிலும் கூட.

“உன்ரை மனிசன் குடுத்து வைச்சவர். என்ன பால் குடுத்தனீ?” த.அ. கேட்டா. கடைப் பால் அக்கா.

சொல்லத்தான் வேண்டும். ஒருவரின் பாலில் அவருக்குத் தெரியாமல் ஒன்று விழுந்திருக்கிறது, அதை அருள் என்று அவர் ஊருக்குச் சொல்கிறார். நாளை சொல்லுவேன்.

இன்று இரண்டு பேணியிலும் வெறும் பால். இரண்டு தரம் பார்த்தேன்.

ஒக்ரோபர் 27, திங்கள்

ஒன்றும் போடாமலே நேற்று நித்திரை வந்தது. வெள்ளிக்கிழமைச் சாமான் இன்னும் உடம்பில் நிற்கிறது போல. வலியது.

சூரன்போர். வேட்டிக்கு மேல் குளிர் ஜக்கெற் போட்ட கூட்டம். சூரனைத் தூக்கி ஆட்டியவர்களில் இவரும் ஒருவர், வயதை மறந்து. தலை விழுந்து, மாமரமாகி, சேவலும் மயிலுமாகி முடிந்தது. தோள் பிடித்துவிட்டது என்று காருக்குள் வந்து இருந்தார். கண்ணாடியெல்லாம் புகார். இதைவிட நல்ல நேரம் வராது.

“இஞ்சாருங்கோ. சனிக்கிழமை உங்களுக்குத் தந்த பாலிலை ஒரு சாமான் கிடந்தது.”

“என்ன, எறும்போ?”

“கஞ்சா.”

காரை இயக்கப் போன கை நின்றது.

“எனக்கு வைச்சது, நித்திரைக்கு. மாறிப் போச்சு.”

“பல்கணியிலை நிண்ட மூலிகை?”

“ஓம்.”

“நான் தண்ணி ஊத்தினது?”

“ஓம்.”

“பிள்ளையாருக்கு வைச்சது?”

“ஓம்.”

வெளியில் யாரோ கண்ணாடியில் தட்டி, “சிவம் அண்ணை, சூரனை எங்கை வைக்கிறது?” என்றார்கள். “பின்னுக்கு வையுங்கோ” என்றார், சாதாரணமாக. பிறகு என்னைப் பாராமல்:

“ஹைக்கேக்கு இது தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப நித்திரை இல்லாதது, வேலையிடத்துக் கரைச்சல், எல்லாம் அவவுக்குச் சொன்னனீர். எனக்கு மூலிகை.”

அடி அங்கேதான் விழுந்தது. கஞ்சாவுக்கு அல்ல. வாய் திறந்தால் நீங்கள் கேட்டனீங்களோ என்று வரும், அதற்கு இவர் சனிக்கிழமையே மறுமொழி சொல்லிவிட்டார்.

இவர் முகம் மாறத் தொடங்கியது. கோபமாகத்தான் மாறப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாறியது வேறு விதமாக. பரீட்சை தள்ளிப்போன பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி.

“அப்ப அண்டைக்கு நான் கதைச்சது...”

“என்ன?”

“அது நான் இல்லை. அந்தச் சாமான் கதைச்சது.”

“அழுதது?”

“அதுவும் அதுதான். ஆம்பிளை ஒருத்தன் சும்மா இருந்து அழுவானோ, விசர்க் கதை.”

காரை இயக்கினார். பாட்டு வேறு முணுமுணுத்தார். மன்னித்துவிட்டார் என்று விளங்கியது. எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். தந்த பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டேன், “முழுக்கவுமோ?” எது முழுக்க என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து ரீவிக்குப் போய்விட்டார். பாலைக் குடிக்க முதல் பேணிக்குள் எட்டிப் பார்த்தார்.

ஒக்ரோபர் 28, செவ்வாய்

வெயில், கிழமை முழுக்க இல்லாத வெயில். பாரணை.

நேற்று நித்திரை இல்லை. கூரைக்கு வெள்ளை அடிக்க வேண்டும், இந்தப் பக்கத்து மூலையில் வெடிப்பு. பக்கத்தில் இவரின் மூச்சு. உண்மை நித்திரையா, நித்திரை மாதிரி விட்ட மூச்சா, தெரியவில்லை. கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

விடியவே சமையல்: வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, பருப்பு, அகத்திக்குப் பதில் உறைந்த கீரைப் பெட்டி ஒன்று, பாயசம். இவர் நன்றாகச் சாப்பிட்டார். உப்பு அளவு என்றார். கோயில் மண்டபத்து ஹீற்றர் திருத்த ஆள் வருகிறானாம்.

த.அ. ரெலிபோனில்: மயிலின் நிறம் என்ன என்று சிவம் அண்ணையிடம் கேட்டுச் சொல்லட்டாம்.

எள்ளுருண்டை தையல் பெட்டியில் அப்படியே கிடக்கிறது. இன்று இரவு எடுப்பதா, விடுவதா. நாளை ரெர்மின். எடுத்தால் நித்திரை வரும், வந்தால் வேலை தப்பும். ஆனால் அந்த உருண்டையைப் பார்க்கக் கோபம் வருகிறது. எனக்கு நித்திரை தந்த அதே சாமான் இவரின் வாய்க்குள்ளும் புகுந்து இவ்வளவு நல்ல பொய் சொல்லியிருக்கிறதே என்று. இப்படியும் யோசித்தேன்: இனி வருசம் மூன்று செடி வைத்து, கிழமைக்கு ஒருமுறை இவருக்கு ஊற்றிக்கொண்டு, இரும் என்று சொல்ல வைப்பதோ? வெட்கம் கெட்ட யோசனை. பாயசச் சட்டியைத் தேய்த்தேன்.

பின்னேரம் ஹை. எடுத்தாள், நாளைக்குத் தைரியம் சொல்ல. எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், சனிக்கிழமைக் கதைக்குச் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“முதலில் கேக் சுடுகிற போறணையில் எவ்வளவு நேரம் வைத்தாய்?”

“எந்தப் போறணை?”

“சூடாக்கவில்லையா? அரித்ததை அப்படியே பாலில் போட்டாயா?”

“ஆறின பாலில்.”

ஹை. சொன்னாள், பைப்பில் இழுத்தால் சூடாக்குவதை நெருப்பே செய்துவிடும், விழுங்குவதென்றால் முதலில் போறணையில் சூடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது வெறும் செடித்தூசி, கடுகளவு என்ன, கரண்டியளவு போட்டாலும் ஆளை ஒன்றும் செய்யாது.

சனிக்கிழமை இவர் குடித்தது வெறும் பால்.